சொந்தப் பாட்டு பேண்டிலிருந்து மெல்லிசைக் குழுவுக்கு: ட்ரம்ஸ்காரர் எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

டபுள்பெடல்_தாம்பரம் கேட்டது:

வணக்கம். ஐந்து வருடமாகச் சொந்தப் பாட்டு மட்டும் போடும் ராக் பேண்டில் ட்ரம்ஸ். இப்போது கல்யாணம், கோயில் திருவிழா செய்யும் ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபலா-டோலக்குக்கு ஒருவர், எலக்ட்ரானிக் பேட் ஒருவர், நான். கையில் கொடுத்த லிஸ்டில் 52 பாட்டு. எம்.எஸ்.வி. காலம் தொட்டு போன மாதம் வந்த குத்து வரை இருக்கிறது. முதல் கச்சேரிக்கு 24 நாள். ரிகர்சல் ஒன்றே ஒன்றுதானாம்.

என் சந்தேகங்கள்:

52 பாட்டை எந்த வரிசையில், எப்படிப் படிப்பது? ரெகார்டில் ட்ரம்ஸே இல்லாமல் தபலா மட்டும் ஓடும் பாட்டில் நான் என்ன செய்வது? சில பாட்டுக்கு ட்ராக் (முன்பே பதிவு செய்த இசை) போடுவார்களாம், கிளிக் (வேகம் காட்டும் டொக் டொக் சத்தம்) எனக்குத்தான் வருமாம். அந்த வயரிங் எப்படி? மண்டபத்துக்கு என் கிட் முழுவதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சம்பளம் பேசும்போது எதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

---

ரீப்பர்கட்டை:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

52 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாட்டுதான் 52, நடை ஏழெட்டுதான். முதல் இரண்டு நாள் கம்பைத் தொடாமல் லிஸ்டைக் கேட்டுப் பிரித்துவிடுங்கள். மெதுவான எட்டு பீட் (70–85 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை பீட்), நடுத்தர எட்டு பீட் (90–110), டிஸ்கோ வகை (115–125), மெலடி 6/8, குத்து 6/8, 3/4, எம்.எஸ்.வி. காலத்து பாங்கோஸ் பாட்டுகள், கடைசியில் ஏழு, ஐந்து எண்ணிக்கையில் வரும் ஒன்றிரண்டு. ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் பிபிஎம் எழுதுங்கள். இதை எழுதாமல் மேடை ஏறுகிறவர்தான் முதல் பாட்டையே 8 பிபிஎம் கூட்டி எடுப்பார். 76இல் பாட வேண்டிய மெலடி 84இல் ஓடினால் பாடகிக்கு மூச்சு வாங்க இடமில்லை. அவர் திரும்பி உங்களைத்தான் முறைப்பார்.

அடுத்து ஒரு பாட்டுக்கு 20 நிமிடம். 52 பாட்டுக்கு 1040 நிமிடம், அதாவது பதினேழரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தினம் 50 நிமிடம் உட்கார்ந்தால் மீதி 22 நாளில் முடிந்துவிடும். இது கேட்டு எழுதுவதற்கு மட்டும். கிட்டில் உட்காரும் நேரம் தனி.

அந்த 20 நிமிடத்தில் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பார் (தாளத்தின் ஒரு சுற்று) எண்ணிக்கை மட்டும். இரண்டாவது தடவை எங்கே நிற்கிறது, எங்கே தள்ளுகிறது (அடி பீட்டுக்குச் சற்று முன்னாலேயே விழுவது), எங்கே ரோல் (பகுதி மாறும்போது ட்ரம்ஸில் உருட்டும் அடி). மூன்றாவது தடவை எழுதியதைப் பார்த்தபடி தொடையில் தட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஆறு வரிக்கு மேல் எழுதினால் மேடையில் படிக்க முடியாது. இப்படி (எண்கள் பார் கணக்கு, பிஜிஎம் என்பது பாடும் பகுதிகளுக்கு நடுவில் வரும் இசை):

இன்ட்ரோ 4 கிட்டார் + 4 ஹேட்
பல்லவி 8+8, கடைசி பாரில் ரோல்
பிஜிஎம் ஒன்று: 12 வயலின், டாம் மட்டும். 4 புல்லாங்குழல், நிறுத்து
சரணம் 16, 15ஆவதில் தள்ளு
பிஜிஎம் இரண்டு: 8 பேஸ் தனி, 8 ஃபுல்
கடைசி: பல்லவி முதல் வரி மூன்று தடவை, கட்

ராக் பேண்டிலிருந்து வருகிறவர்கள் கோட்டை விடும் இடம் பிஜிஎம். சொந்தப் பாட்டில் வெர்ஸ், கோரஸ் திரும்பத் திரும்ப வரும், உடம்பே எண்ணிக்கொள்ளும். நம் பாட்டில் முதல் பிஜிஎம்முக்கும் இரண்டாவதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. நீளம் வேறு, கருவி வேறு, சில பாட்டில் நடையே வேறு. 1976இல் இளையராஜா வந்த பிறகு உள்ள பாட்டுகளுக்கு இதில் தனிக் கவனம் வையுங்கள். சரணத்தை யாரும் மறக்க மாட்டார்கள். இரண்டாவது பிஜிஎம் பன்னிரண்டா பதினான்கா என்பதில்தான் மொத்தக் குழுவும் ஆடும்.

முடிவு இன்னொரு வம்பு. ரெகார்டில் நிறைய பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் தேய முடியாது. பல்லவியின் முதல் வரியை மூன்று முறை பாடி நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்கள் குழுவில் எப்படி என்று அந்த ஒரே ரிகர்சலில் கேட்டு விடுங்கள். ரிகர்சலில் முழுப் பாட்டு வாசித்து நேரத்தைக் கரைக்காதீர்கள். 52 பாட்டுக்கும் ஆரம்பம், இரண்டு பிஜிஎம், முடிவு, இவ்வளவு ஓட்டினால் போதும்.

எடுப்பையும் குறித்து வையுங்கள். பல்லவி ஒன்றில் விழாமல் அரை பீட் தள்ளித் தொடங்கும் பாட்டுகள் உண்டு, முன்னாலேயே தொடங்குவதும் உண்டு. அந்த இடத்தில் நீங்கள் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ கொடுத்தால் பாடகர் நாலிலேயே நுழைந்திருப்பார், நீங்கள் ஒன்றுக்குக் காத்திருப்பீர்கள். பாட்டு முடியும் வரை அரை பீட் சண்டை.

---

திஸ்ரநடை:

ரீப்பர்கட்டை அண்ணன் சொன்னதோடு நடையைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். பாரைச் சரியாக எண்ணி, நடையைத் தப்பாக வாசிக்கும் ராக் ட்ரம்ஸ்காரர்கள் ஏராளம்.

குத்து. காதுக்கு 4/4 போல இருக்கும், உள்ளே மூன்று மூன்றாக ஓடும். எளிய எலும்புக்கூடு இதுதான்: ஆறு எண்ணுங்கள், 1, 4இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), 3, 6இல் ஸ்னேர், ஹேட் (ஹைஹேட் சிம்பல்) மூடியபடி 1, 3, 4, 6. ராக் கை அந்த 3ஐப் பதினாறாம் பங்கு நோட்டாக நினைத்து இன்னும் தள்ளிப் போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பீட் 120 என்றால் ஒரு பீட் 500 மில்லி வினாடி. மூன்றில் மூன்றாவது அடி 333இல் விழ வேண்டும், பதினாறாம் பங்காக வாசித்தால் 375இல் விழும். வித்தியாசம் 42 மில்லி வினாடிதான். ஆனால் பக்கத்தில் டோலக் 333இல் அடிக்கும்போது உங்கள் ஸ்னேர் 375இல் விழுந்தால் இரண்டும் ‘டடக்’ என்று இரட்டை அடியாகக் கேட்கும். ஆடுகிறவன் கால் தடுமாறுவது அங்கேதான். 90இல் மெட்ரோனோம் வைத்து, வாயால் ‘தகிட தகிட’ சொல்லிக்கொண்டே பத்து நிமிடம் நிறுத்தாமல் வாசியுங்கள். வாய் நின்றால் கை பதினாறுக்கு ஓடிவிடும். பிறகு வாரத்துக்கு 10 பிபிஎம் ஏற்றலாம். வேகமான குத்துக்கு 130, 140 தேவைப்படும்.

குத்து அசலாக உட்கார்ந்த பிறகு கவனித்தால் அது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எங்கோ ஊசலாடுவது தெரியும். அது நோட்டில் வராது. பறை, தவில் வாசிப்பவர்கள் பக்கத்தில் நின்று கேட்டால்தான் வரும். முதல் கச்சேரிக்குச் சுத்தமான மூன்று போதும்.

தபலா பாட்டு. உங்கள் வேலை பெரும்பாலும் வாசிக்காமல் இருப்பதுதான். தபலாவின் பாயா (கீழ்ச் சத்தம் தரும் பெரிய பாதி), பேஸ் கிட்டார், உங்கள் கிக் மூன்றும் கீழ்ச் சத்தத்தில் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். ஆகவே கிக் பாரின் முதல் அடியில் மட்டும், அதுவும் மெதுவாக. ஸ்னேரில் ரிம் (ஓர வளையத்தில் தட்டுவது), அல்லது கையில் ஒரு ஷேக்கர். பிஜிஎம்மில் வயலின் ஏறும்போது சிம்பல் மெல்ல உருட்டி விடலாம். சரணம் வந்ததும் மறுபடி ஒதுங்குங்கள். தபலாக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

பாங்கோஸ் பாட்டுகளில் பாங்கோஸ் யார் வாசிப்பது என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். பேட்காரர் எடுத்தால் நீங்கள் ஸ்னேரின் கம்பியை இறக்கிவிட்டு டிம்பாலே (லத்தீன் இசையின் ட்ரம்) போல வாசிக்கலாம். இரண்டு பேரும் அதையே வாசித்தால் சந்தைக்கடை.

கேட்டுப் பழக ஆள் வேண்டும் என்றால், இளையராஜா குழுவில் ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமன். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டில் திரையிலேயே ட்ரம்ஸ் வாசிப்பார். ரோலை எங்கே போடாமல் விடுகிறார் என்று கேளுங்கள்.

---

டபுள்பெடல்_தாம்பரம்:

ரொம்ப நன்றி அண்ணே. ஒரு குழப்பம். ரெகார்டில் இருக்கும் ரோலை அப்படியே வாசிக்க வேண்டுமா, இல்லை என் ஸ்டைலில் வாசிக்கலாமா? லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் துண்டு) மேல் லூப்பாக அடுக்கிய புதுப் பாட்டுகளில் எதைக் காப்பி அடிப்பது என்றே தெரியவில்லை.

---

ரீப்பர்கட்டை:

அப்படியே. கேட்பவருக்கு அந்த ரோல் வரி மாதிரி மனப்பாடம். பல்லவிக்கு முன் வரும் ரோலை மாற்றினால் முன்வரிசையில் காற்றில் கை வீசி ட்ரம்ஸ் வாசிக்கும் ஆளுக்கே ஏமாற்றம்.

---

பேட்_நம்பர்9:

இதில் அண்ணனோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். ஒரு பாட்டுக்கு இரண்டு, மூன்று அடையாள இடங்கள் இருக்கும். அவற்றை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். மற்ற இடங்களில் ரெகார்டைவிடக் குறைவாக வாசியுங்கள், கூட்டி வேண்டாம். ரெகார்டில் ட்ரம்ஸ் மேல் பத்து ட்ராக் உட்கார்ந்திருக்கும். மேடையில் அந்த இடத்தைக் கூட்டத்தின் சத்தம் எடுத்துக்கொள்ளும்.

1992இல் ‘ரோஜா’வோடு ரஹ்மான் வந்த பிறகு ப்ரோக்ராமிங் பாட்டுகள் (தாளத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்தவை) பெருகிவிட்டன. இவற்றில் ஒரே வழி: பாட்டைக் கேட்டுக் கீழ்ச் சத்தம் (கிக்), நடுச் சத்தம் (கைத்தட்டு, ஸ்னேர்), மேல் சத்தம் (ஷேக்கர், ஹேட்) என்று மூன்றாகப் பிரியுங்கள். கீழும் நடுவும் உங்களுக்கு. மேல் சத்தமும் விசித்திரமான ஒலிகளும் பேடுக்கு. இதைப் பாட்டுவாரியாகப் பேட்காரரோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேடைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவில் இருப்பது ரோலண்ட் எஸ்பிடி-30 என்றால் அதில் வெளியிலிருந்து சாம்பிள் (பதிவு செய்த சத்தம்) ஏற்ற முடியாது, உள்ளே இருக்கும் சத்தம் மட்டும்தான். எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்றால் ஏற்றலாம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றிப் போடுங்கள். அதில் ஒன்பது பேட். பாட்டு வரிசையும் கிட் எண் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். பாட்டு மாறும்போது இருட்டில் எண்ணைத் தேடக் கூடாது.

இப்போது ட்ராக், கிளிக். எளிய முறை இது. ஸ்டீரியோ கோப்பில் இடது பக்கம் கிளிக், வலது பக்கம் ட்ராக், இரண்டும் மோனோ. ஆரம்பத்தில் இரண்டு பார் வெறும் கிளிக். லேப்டாப்பிலிருந்து 3.5 ஜாக் ஒரு முனையிலும், இரண்டு தனித்தனி மோனோ ஜாக் மறுமுனையிலும் உள்ள ஒய் கேபிள். வலது மட்டும் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்சருக்கு. இடது உங்கள் பக்கத்தில் உள்ள சின்ன மிக்சருக்கு, அங்கிருந்து இயர்போனுக்கு. அதே சின்ன மிக்சரில் மானிட்டர் சத்தம் ஒரு லைன் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிளிக் மட்டும் கேட்கும், பாடகர் குரல் கேட்காது.

எங்கே கெடும்?

சவுண்டுக்காரர் நல்லெண்ணத்தில் ‘ஸ்டீரியோ தானே’ என்று இரண்டு ஜாக்கையும் மிக்சரில் குத்திவிடுவார். மண்டபம் முழுக்க டொக் டொக் என்று கேட்கும். இடது ஜாக்கில் சிவப்பு டேப் சுற்றுங்கள். சவுண்ட் செக்கில் கிளிக் ஓடும் பாதியை மட்டும் ஓட்டச் சொல்லி ஒருவர் மண்டபத்தின் நடுவில் நின்று கேட்கட்டும்.

செல்போனில் ட்ராக் ஓட்டினால் ஏரோப்ளேன் மோட். மாமாவின் அழைப்பு ஸ்பீக்கரில் வரக் கூடாது.

பாடகர் உற்சாகத்தில் பல்லவியை ஒரு தடவை கூடுதலாகப் பாடுவார். ட்ராக் காத்திருக்காது. கூட்டத்தோடு பேசி இழுக்கும் பாட்டுகளுக்கு முழு ட்ராக் வேண்டாம், பேடில் நாலு பார் லூப் போதும். தப்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: ட்ராக்கை நிறுத்துவது உங்கள் கை, குழு தபலாவைப் பிடித்துக்கொண்டு போகும். ட்ராக்கைத் துரத்திப் பிடிக்கப் போனால் இருபது வினாடி அலங்கோலம்.

திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் பேட் அணைந்து மறுபடி கிளம்பும். 600 விஏ யூபிஎஸ் ஒன்று, பேடுக்கும் உங்கள் சின்ன மிக்சருக்கும் மட்டும். அதில் ஃபேன் சொருக வருகிறவரை விரட்டுங்கள். கூடுதல் அடாப்டர் வாங்கினால் வோல்ட் மட்டும் பார்க்காமல் அதில் அச்சிட்ட முனைக் குறியையும் பழையதோடு ஒத்துப் பாருங்கள். நடு முனை மாறினால் பேட் கிளம்பாது, சமயத்தில் கருகியும் போகும்.

---

ஹேட்_கிளட்ச்:

கிட் பற்றி யாரும் சொல்லவில்லை.

முழுக் கிட் வேண்டாம். சவுண்டுக்காரரிடமே வாடகைக் கிட் இருக்கும். ஆனால் அதில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். பெரும்பாலும் ஹைஹேட் கிளட்ச் (மேல் சிம்பலைத் தண்டில் பிடிக்கும் திருகு), இல்லையென்றால் சிம்பல் ஃபெல்ட். நீங்கள் எடுத்துப்போக வேண்டியவை: உங்கள் ஸ்னேர், கிக் பெடல், கிளட்ச் ஒன்று, ட்ரம் கீ இரண்டு, ஃபெல்ட் ஆறு, விங் நட் நாலு, 5ஏ கம்பு மூன்று ஜோடி, ஒரு ஜோடி ராட்ஸ் (மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய, சத்தம் குறைந்த கம்பு), துணி டேப், 5க்கு 6 அடி விரிப்பு. விரிப்பில் ஸ்டாண்ட் கால்கள் நிற்கும் இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டால் கிட் போட ஏழு நிமிடம்.

டபுள் பெடலை (இரண்டு காலாலும் கிக் அடிக்கும் பெடல்) வீட்டில் வையுங்கள். உங்கள் பெயரைப் பார்த்துச் சொல்கிறேன், கோபம் வேண்டாம்.

மண்டபம் என்றால் கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர். ஸ்னேர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி வரும். கிட் 20 அங்குல கிக் போதும், 22 தேவையில்லை. கிக் உள்ளே ஒரு பழைய போர்வை, முன் பின் ஹெட்டை (ட்ரம்மின் தோல்) தொடுகிற மாதிரி. ஸ்னேர் மேல் ஓரத்தில் மடித்த டேப் ஒரு அங்குலம். ரிசப்ஷனில் சாப்பாடு ஓடும்போது ராட்ஸ். மாப்பிள்ளை வீட்டார் வந்து ‘சத்தத்தைக் குறைங்க’ என்று சொன்னால் சவுண்டுக்காரர் குறைக்க முடியாத ஒரே கருவி உங்களுடையது.

கோயில் மேடை வேறு கதை. பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்டிருப்பார்கள். குத்துப் பாட்டுக்கு மேடையே குதிக்கும், கிக் நகர்ந்து முன்னால் போகும். கிக் முன்னே ஒரு ரீப்பர் கட்டையை ஆணி அடித்து நிறுத்தச் சொல்லுங்கள் (மேலே பதில் போட்டவர் பெயர்க் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்). இரண்டு பலகை சேரும் இடத்தில் ஸ்டூலை வைக்காதீர்கள். இரவு பனி இறங்கினால் தபலா, டோலக் தோல் தளர்ந்து சுதி இறங்கும். உங்கள் ஹெட் பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் சுதி சேர்க்கும் இரண்டு நிமிடம் நீங்கள் எதையும் தட்டாமல் இருங்கள்.

மைக் மூன்று கிடைத்தாலே பெரிது: கிக், ஸ்னேர், மேலே ஒன்று. மேல் மைக்கை ஹேட் பக்கம் வைக்க விடாதீர்கள், ஃப்ளோர் டாம் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். ஹேட் தானாகவே எல்லா மைக்கிலும் ஏறிவிடும்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் (NIOSH) நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கச்சேரி மூன்று மணி நேரம்.

---

பேமெண்ட்_கவர்:

சம்பளம். மேடை நேரத்தை வைத்துப் பேசாதீர்கள், வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் நேரத்தை வைத்துப் பேசுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரி 150 கிலோமீட்டர் தள்ளி என்றால் மதியம் 12க்கு வேன், 4க்கு சவுண்ட் செக், 7க்கு மேடை, இரவு 10க்கு முடிவு, 2 மணிக்கு வீடு. 14 மணி நேரம். தொகையை 14ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

கேட்க வேண்டியது: வண்டி யார் செலவு, சாப்பாடு உண்டா, ரிகர்சலுக்குப் பணம் உண்டா, கச்சேரி ரத்தானால் அட்வான்ஸ் யாருக்கு, பணம் அன்றே கையிலா பார்ட்டி (கச்சேரி வைப்பவர்) கொடுத்த பிறகா. ‘பார்ட்டி கொடுத்ததும்’ என்றால் தேதி கேளுங்கள். வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பலர் தவிர்ப்பார்கள். ஆடியில் அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் திருவிழாவும் முகூர்த்தமும் ஒரே நாளில் மோதும். உங்கள் ராக் பேண்டின் ஷோக்களை முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தேதியைக் கொடுத்துவிட்டு முதல் நாள் இரவு கைவிரித்தால் அடுத்த அழைப்பு வராது. உங்கள் சார்ட் நோட்டை ஸ்கேன் செய்து வைத்தால் மாற்று ஆள் அனுப்புவது சுலபம்.

நேரம்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், விழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். ஆகவே 9.55க்கு மேல் புதுப் பாட்டு எடுக்காதீர்கள். போலீஸ் வந்தால் முதலில் பிடுங்கப்படுவது ஜெனரேட்டர் வயர், உங்கள் பேடோடு சேர்த்து.

காப்புரிமை: கல்யாணத்திலும் அதைச் சார்ந்த கொண்டாட்டத்திலும் அடுத்தவர் பாட்டை வாசிப்பதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 52இல் விலக்கு தருகிறது. ஓட்டல், பப், டிக்கெட் போட்ட நிகழ்ச்சிக்கு ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கம்) உரிமம் வேண்டும், அதை வாங்குவது ஏற்பாட்டாளர் வேலை என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். கச்சேரி வீடியோவை யூடியூபில் ஏற்றுவதற்கு அந்தக் கல்யாண விலக்கு உதவாது.

---

டபுள்பெடல்_தாம்பரம்:

லிஸ்டைப் பிரித்துவிட்டேன். 6/8 மட்டும் 19 பாட்டு வருகிறது! அதில் 11 குத்து. டபுள் பெடலைக் கழற்றிவிட்டேன், ஹேட்_கிளட்ச் அண்ணே.

---

திஸ்ரநடை:

11 குத்து என்றால் அவை கடைசி 40 நிமிடத்தில் வரிசையாக வரும். வலது கணுக்கால்தான் முதலில் இழுக்கும். வீட்டில் 130இல் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் கிக் ஓட்டிப் பாருங்கள். குதிகாலைத் தூக்கி வாசிப்பவர் என்றால் ஸ்டூலை ஒரு அங்குலம் ஏற்றி, கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.